உடன் இசைத்த யாழ்

நுழையும்முன்

இசையரங்கில் நடுவில் அமர்ந்து பாடுபவரின் பெயர் நம் நினைவில் நிற்கிறது. அவர் அருகில் அமர்ந்து கருவி இசைப்பவரின் பெயரைப் பலரும் மறந்துவிடுகிறோம். பெரும்புகழ் பெற்ற கலைஞர் ஒருவர் எவரும் எதிர்பாராத வகையில் ஓர் எளிய இசைக்குழுவில் சேர்ந்து, பிறர் பாட்டுக்குத் துணையாக வாசித்தால் அதனை வியப்போடு பேசுகிறோம். அத்தகைய நிகழ்வொன்று 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தக் கலைஞர் இன்றைய கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர். அவர் பிறந்த ஊரும் அவர் மரபும் பின்னாளில் தமிழிசைக்குச் செய்த உதவியை இப்பாடம் விளக்குகிறது.

புகழோடு வந்தவர்

விருத்தாசலத்திலிருந்து செயங்கொண்டம் செல்லும் வழியில் இராசேந்திரப்பட்டினம் என்னும் சிற்றூர் உள்ளது. இதன் பழம்பெயர் திருஎருக்கத்தம்புலியூர். வெள்ளெருக்கைத் தலமரமாகக் கொண்ட சிவன்கோயில் அங்கே இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் இதுவே. அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியார். கணவர் யாழ் மீட்ட, மனைவியார் மிடற்றிசை பாட, இருவரும் ஊர்தோறும் சென்று இசையால் இறைவனைப் போற்றி வந்தனர்.

பாணர்கள் சங்ககாலத்தில் அரசவைகளில் மதிக்கப்பெற்றவர்கள். மன்னருக்கும் மக்களுக்கும் இடையே பாட்டைச் சுமந்து சென்றவர்கள் அவர்கள். காலம் மாறியது, அவர்களின் மதிப்பும் தாழ்ந்தது. யாழ்ப்பாணர் வாழ்ந்த காலத்தில் பாணர் குலத்தார் கோயிலுக்குள் நுழைய இயலாமல் வாயிலில் நின்று பாடும் நிலை இருந்ததைச் சேக்கிழாரின் வரலாறே உணர்த்துகிறது. மதுரையில் அவர் வாயிலில் நின்று யாழ் மீட்டினார். இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி, அவரை உள்ளே அழைத்து வருமாறு பணித்தான் என்கிறது புராணம். உள்ளே சென்றபின் வெறுந்தரையில் அமர்ந்து வாசித்தார். தரையின் ஈரம் யாழின் கட்டைத் தளரச் செய்யும். ஆகவே அவருக்குப் பொற்பலகை இடுக என்று ஓர் ஒலி எழுந்ததாம். திருவாரூரிலோ அவருக்கென வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளைத் தெய்வச் செயல்களாகக் கொள்வோர் உண்டு. ஒரு கலைஞனுக்கு மனிதர் மறுத்த இடத்தை அவன் கலை பெற்றுத் தந்ததன் அடையாளமாகக் காண்போரும் உண்டு. எவ்வாறாயினும், சீர்காழிக்கு வந்து சேர்ந்தபோது யாழ்ப்பாணர் புதியவர் அல்லர். மதுரையும் ஆரூரும் அறிந்த பெருங்கலைஞர்.

சீர்காழியில் ஓர் இணைவு

அக்காலத்தில் சீர்காழியில் ஒரு குழந்தை பாடத் தொடங்கியிருந்தது. தந்தை சிவபாத இருதயர் தோளில் சுமந்து செல்ல, கையில் பொற்றாளம் ஏந்திப் பாடிய அந்தக் குழந்தையே திருஞானசம்பந்தர். ஒரு குழந்தை, ஒரு தந்தை, ஓர் இணைத் தாளம், உடன்வரும் அடியார் சிலர் என்னும் அளவில்தான் அந்த இசைக்குழு இருந்தது.

அக்குழந்தையின் புகழைக் கேள்வியுற்ற யாழ்ப்பாணர் துணைவியாருடன் சீர்காழிக்கு வந்தார். சம்பந்தர் அவரை எதிர்கொண்டு மகிழ்ந்தார். கோயிலின் புறமுன்றிலுக்கு அழைத்துச் சென்று யாழ் இசைக்கச் செய்தார். யாழ்ப்பாணரும் துணைவியாரும் இசைத்தனர், கேட்டவர் உருகினர். அத்துடன் பரிசும் பாராட்டும் பெற்று அவர் வேறோர் ஊருக்குச் சென்றிருக்கலாம். பாணர் வாழ்க்கையின் வழக்கம் அதுதான்.

ஆனால் அவர் செல்லவில்லை. சம்பந்தரின் பதிகத்தைக் கேட்டார். அதனைத் தம் யாழில் இட்டு வாசித்தார். பின்னர், நீங்கள் பாடும் பதிகங்களை யாழில் இசைத்துக்கொண்டு என்றும் உடனிருக்க வேண்டும் என்று வேண்டினார். வயதிலும் பயிற்சியிலும் மூத்த ஒருவர், தம்மினும் மிக இளைய ஒருவரின் பாட்டுக்குப் பக்கத்துணையாக இருக்க இசைவு கேட்டார். சம்பந்தர் இசைந்தார். அன்று முதல் பாட்டு இருந்த இடமெல்லாம் யாழும் இருந்தது.

பக்க இசை என்பது எளிய பணி அன்று. பாடுபவர் அடுத்து எங்கே செல்வார் என்பதை முன்னுணர வேண்டும். அவர் ஓங்கும்போது தாங்க வேண்டும். அவர் நிறுத்தும்போது அந்த அமைதியைக் கலைக்காமல் காக்க வேண்டும். தம் திறமையைக் காட்டுவதற்கு இடம் கிடைக்கும்போதும் பாட்டுக்குத் தேவையான அளவே காட்ட வேண்டும். தனியே புகழ்பெற்றவர்க்கு இது மேலும் அரிது.

தில்லையும் நிவாக்கரையும்

இக்குழு முதலில் மேற்கொண்ட பயணங்களுள் ஒன்று தில்லைக்குச் சென்றது. தில்லையில் இரவு தங்க அஞ்சிய சம்பந்தர், அருகிலுள்ள திருவேட்களத்தில் தங்கி, அங்கிருந்து தில்லைக்குச் சென்று வழிபட்டார். தில்லைவாழ் அந்தணர்கள் சிவகணங்களாகத் தமக்குக் காட்சியளித்தபோது, அக்காட்சியை யாழ்ப்பாணருக்கும் காட்டினார் என்கிறார் சேக்கிழார். தாம் கண்டதை உடன்வரும் கலைஞரும் காண வேண்டும் என்று சம்பந்தர் விரும்பியது கருதத்தக்கது.

தில்லையில் யாழ்ப்பாணர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நிவா ஆற்றின் கரையில் உள்ள திருஎருக்கத்தம்புலியூர் முதலிய தலங்களுக்கும் வந்தருள வேண்டும் என்றார். சம்பந்தர் உடன்பட்டார். அவ்வூரை அடைந்ததும், இதுவே தாம் பிறந்த ஊர் என்று யாழ்ப்பாணர் கூறினார். நீங்கள் பிறப்பதற்கு இவ்வூர் முன்னர் அளவற்ற தவம் செய்திருக்க வேண்டும் என்று சம்பந்தர் பாராட்டினார். அப்போது அவர் யாழ்ப்பாணரை அழைத்த சொல் ‘ஐயர்’ என்பது. அந்தணர் குலத்தில் பிறந்த ஒருவர், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒருவரை, அவர்தம் சொந்த ஊரில், அவர்தம் மக்கள் கேட்க, அவ்வாறு அழைத்தார். பின்னர் இருவரும் திருமுதுகுன்றம், பெண்ணாகடம், திருநெல்வாயில் அரத்துறை ஆகிய தலங்களுக்குச் சென்றனர். இவையனைத்தும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளவை.

வேதித் தீயின் அருகில்

திருச்சாத்தமங்கையில் வாழ்ந்த திருநீலநக்கர் வேதநெறி வழுவாத அந்தணர். சம்பந்தர் குழுவினர் அவர் இல்லத்தில் தங்கினர். இரவில் யாழ்ப்பாணருக்கும் துணைவியாருக்கும் தங்க ஓர் இடம் அருளுமாறு சம்பந்தர் கேட்டார். நீலநக்கர் தம் மனையின் நடுவே வேள்வித் தீ வளர்க்கும் வேதியின் பக்கத்தில் இடம் கொடுத்தார். அவர்கள் அமர்ந்ததும் தீ அணையவில்லை. வலமாகச் சுழன்று முன்னினும் ஓங்கி எரிந்தது என்று பாடுகிறார் சேக்கிழார். வாயிலுக்கு வெளியே தொடங்கிய பாணரின் பயணம் வீட்டின் நடுவிடம் வரை வந்துசேர்ந்தது.

யாழில் அடங்காத பாட்டு

இந்த நட்புக்கு ஒரு சோதனையும் வந்தது. காரைக்கால் அருகிலுள்ள தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர், யாழ்ப்பாணர் உடன் வாசிப்பதனால்தான் சம்பந்தரின் பதிக இசை எங்கும் பரவுகிறது என்று பெருமையோடு பேசினர். உறவினர் புகழ்ச்சி இனியது; அதனைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடுவது எளிது. ஆனால் யாழ்ப்பாணர் வருந்தினார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் தாமே வேண்டினார். தம் கருவியின் எல்லையைத் தம் உறவினர் முன்னிலையிலேயே வெளிப்படுத்துமாறு கேட்ட கலைஞர் அவர்.

சம்பந்தர் பாடினார். யாழ் தொடர இயலவில்லை. யாழ் வீணையைப் போன்றதன்று. அதில் மெட்டுகள் இல்லை. ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரு சுரத்தையே ஒலிக்கும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கியும் அசைந்தும் செல்லும் குரலின் நெளிவுகளை அதில் முழுமையாகக் காட்டுவது கடினம். மனம் நொந்த யாழ்ப்பாணர், இக்கருவியால் அன்றோ இத்தகைய பேச்சு எழுந்தது என்று அதனை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார், யாழைத் தம் கையில் வாங்கினார். இறையருளின் பெருமை ஒரு கருவியில் அடங்குமோ, இயன்ற அளவில் இசையுங்கள் என்று கூறி அதனைத் திருப்பிக் கொடுத்தார். அப்பதிகம் ‘யாழ்முரி’ எனப் பெயர்பெற்றது.

அந்த ஒரு நாளில் யாழ் தோற்றது உண்மை. எனினும் மறுநாளும் பாட்டும் யாழும் சேர்ந்தே புறப்பட்டன. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும் கருவியை அன்று, இயன்றதை நேர்மையாக வாசிக்கும் துணையையே சம்பந்தர் விரும்பினார். திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் தம் திருமண நாளில் சோதியில் கலந்தபோது, யாழ்ப்பாணரும் துணைவியாரும் உடன் புகுந்தனர் என்று புராணம் நிறைவு செய்கிறது.

பண் காத்த பெண்

சம்பந்தர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து மூவர் பாடல்களைத் தேடிய சோழ மன்னனின் வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவம் இயற்றியதாகக் கொள்ளப்படும் நூல் இது. அம்மன்னன் முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985–1014) என்பது பரவலான கருத்து. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டலால், தில்லைக் கோயிலின் பூட்டப்பட்ட அறையில் ஏடுகள் இருப்பது தெரிந்தது. அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. அழிந்தவை போக எஞ்சியவை தொகுக்கப்பட்டன.

சொல் கிடைத்துவிட்டது. ஆனால் அவற்றைப் பாடும் முறை எங்கே? ஏட்டில் எழுத்து இருக்கும், இசை இருக்காது. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருப்பது தெரியவந்தது. அவர் தில்லைக்கு அழைக்கப்பட்டார். அவர் பாடிக் காட்டிய முறையிலேயே பதிகங்களுக்குப் பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது அப்புராணம்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாடியவரின் ஏடுகளைக் கரையான் அரித்தது. உடன் வாசித்தவரின் மரபோ இசையை வாய்வழியாகவும் விரல்வழியாகவும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது. அரசனிடமோ கோயிலிலோ இல்லாத செல்வம் ஒரு பாணர் குடும்பத்தில் இருந்தது. அதனைத் தில்லைக்குக் கொண்டுவந்து சேர்த்த பெண்ணின் பெயரைப் புராணம் பதிவு செய்யவில்லை. கணவரோடு இணைந்து பாடிய மதங்கசூளாமணியாரும் அறுபத்து மூவர் எண்ணிக்கையில் இடம்பெறவில்லை. உடனிருந்தோரை வரலாறு மறப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

துணைக் கலைஞர்களை மறவாத பதிவும் நம்மிடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, செனகல், காம்பியா முதலிய நாடுகளில் ‘கிரியோ’ எனப்படும் பரம்பரை இசைஞர்கள் உள்ளனர். அரசர்களின் வரலாற்றையும் குடிவழிகளையும் ஏட்டில் எழுதாமல் பாட்டாகவே காத்து வருபவர்கள் இவர்கள். இவர்களின் ‘கோரா’ என்னும் கருவி தோல் போர்த்த சுரைக்குடுக்கையும் 21 நரம்புகளும் கொண்டது. தமிழரின் பேரியாழுக்கும் 21 நரம்புகள் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

வேட்களத்தில் மீண்டும்

சம்பந்தரும் யாழ்ப்பாணரும் தங்கிய திருவேட்களம் இன்று அண்ணாமலை நகரில் உள்ளது. 1929இல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். வழக்கொழிந்துபோன யாழின் அமைப்பை இலக்கியச் சான்றுகளாலும் கணக்கீட்டாலும் மீட்டெடுக்க முயன்ற அவரது ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. தேவாரப் பண்களை ஆராயும் தனிப்பகுதி அதில் உண்டு. 1941இல் தமிழிசை மாநாடு நடைபெற்றதும் அண்ணாமலை நகரில்தான். தேவார இசையில் தேர்ந்த எம். எம். தண்டபாணி தேசிகர் அப்பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பணிபுரிந்தார்.

யாழ் இன்று கோயில்களில் ஒலிப்பதில்லை. ஆயினும் ஓதுவார் ஒருவர் சம்பந்தரின் பதிகத்தைப் பண்ணோடு பாடும்போது, அதனை இசையோடு நம்மிடம் சேர்த்த மரபும் அங்கே உடனிருக்கிறது. அடுத்தமுறை உங்கள் ஊர்த் திருவிழாவில் இசை கேட்கும்போது, பாடுபவரின் பெயரோடு, பக்கத்தில் இருந்து வாசிப்பவரின் பெயரையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நாகசுரம், தவில், பறை முதலிய கருவிகளை இசைக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் அக்கலையை யாரிடம் எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டு எழுதுக.

2. ‘ஏடு காத்ததும் மரபு காத்ததும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. யாழைத் திருப்பிக் கொடுத்த சம்பந்தரின் செயல் உணர்த்தும் பண்பினை உங்கள் சொற்களில் ஒரு பத்தியாக எழுதுக.