லாரியின் மூக்கைப் பிடிக்கும் ஊர்!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல்னு போய் அதே பாறை, அதே போட்டோவா? ஒரு நாளைக்கு நாமக்கல் பஸ் ஏறுங்க. சேலத்திலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான். ‘அங்கே என்ன பாஸ் இருக்கு... முட்டையும் ஆஞ்சநேயரும்தானே?’னு உதட்டைப் பிதுக்காதீங்க. அந்த ஊரில் உங்களுக்குக் காட்ட ஒரு மூக்கு இருக்கு. மனுஷ மூக்கு இல்லை... லாரியோட மூக்கு!

பஸ் ஊருக்குள் நுழையும்போதே ஒரே கல்லாக நிற்கும் மலையும், உச்சியில் கோட்டையும் தெரியும். 18 அடி ஆஞ்சநேயர் தலைக்கு மேலே கூரை இல்லாமல் வெயில், மழை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நிற்பார். ஒரு கும்பிடு போட்டுக்குங்க. அப்புறம் திருச்சி ரோடோ, பரமத்தி ரோடோ, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சு ஊரைவிட்டு வெளியே நடங்க. கொஞ்ச தூரத்தில் ‘டங்... டங்...’ ஆரம்பிச்சுடும். வெல்டிங் வெளிச்சம், பெயின்ட் வாசனை, தகரத்தைத் தட்டும் சுத்தியல். கம்பெனியிலிருந்து வெறும் சேஸாக வரும் வண்டி, இங்கேதான் பாடி கட்டி, பூ, மயில், சாமி பேரெல்லாம் எழுதிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போகும். தென் மாநிலங்களில் கேஸ் ஏற்றும் டேங்கர் லாரி ஓனர்களின் சங்கத்துக்கும் இதுதான் தலைமையிடம். பக்கத்தில் திருச்செங்கோடுன்னா போர் வண்டி. சங்ககிரின்னா மறுபடியும் லாரி. டி.என். 28, டி.என். 34, டி.என். 52... அடுத்த தடவை டெல்லிப் பக்கம் ஐ.வி. போகும்போது ஹைவேயில் நம்பர் பிளேட்டைக் கவனிங்க. நம்ம ஊர் ஆள் ஒருத்தர் கண்டிப்பா எதிரே வருவார்.

இந்த ஊர்ப் பட்டறைகளில் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, சைலென்சர் பக்கம் போய் நின்று பார்ப்பார்கள். கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம், காத்து கம்மி. நீலப் புகைன்னா என்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைப் புகைன்னா எரியாத டீசல், இல்லைன்னா தண்ணி உள்ளே போகுது. லேப்டாப் இல்லை, மீட்டர் இல்லை. கண்ணும் காதும் மூக்கும்தான் கருவி. நம்ம தெர்மல் லேபில் மூணு மணி நேரம் ரீடிங் எடுத்து கிராஃப் போட்டுக் கண்டுபிடிக்கிறதை, அவங்க பீடியைப் பத்த வைக்கிற நேரத்தில் சொல்லிடுவாங்க.

2020 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து கதை மாறிடுச்சு. அன்னிக்கு பி.எஸ். 6 விதி வந்தது. லாரிக்குச் சொந்தமா மூக்குங்கிறது சகஜமாச்சு.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். இந்த மூக்கோட அண்ணன்தான் ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்து, 1976-ல் வோல்வோ கார்களில் முதன்முதலா உட்கார்ந்தது. பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும். உள்ளே சிர்கோனியா என்கிற பீங்கான். நல்லா சூடான பிறகு, ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை... ரெண்டிலும் இருக்கும் ஆக்சிஜன் வித்தியாசத்தை அது வோல்ட்டாக மாற்றிச் சொல்லும். பெட்ரோல் அதிகமா எரிஞ்சா சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானா சுமார் 0.1. ஃபிசிகல் கெமிஸ்ட்ரியில் தலையைச் சுத்த வெச்ச நெர்ன்ஸ்ட் ஈக்வேஷன் ஞாபகமிருக்கா? அதே நெர்ன்ஸ்ட்தான்! அவர் ஃபார்முலா சைலென்சருக்குள்ளே உட்கார்ந்து வேலை பார்க்குது. நம்ம ஊர் பெட்ரோல் குட்டி யானையிலும், சி.என்.ஜி. லாரியிலும் இந்த அண்ணன் இருக்கார்.

டீசல் லாரிக்கு அவர் தம்பி வேணும். ஏன்னா டீசல் என்ஜினில் காற்று எப்பவுமே மிச்சமிருக்கும். அங்கே பெரிய தலைவலி நைட்ரஜன் ஆக்சைடு, அதாவது நாக்ஸ். அதை அடக்கத்தான் புகையில் யூரியா தண்ணியைத் தெளிக்கிறாங்க. 32.5 சதவிகிதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர். சூட்டில் யூரியா அமோனியாவாகி, நாக்ஸோடு மோதி, நைட்ரஜனும் நீராவியுமா வெளியே போகும். இந்த வேலை ஒழுங்கா நடக்குதான்னு முன்னால் ஒண்ணு, பின்னால் ஒண்ணுன்னு ரெண்டு நாக்ஸ் சென்சார் மோப்பம் பிடிக்குது. அது எப்படி பிடிக்குதுங்கிறதுதான் சூப்பர் மேட்டர். முதல் அறையில் புகையில் இருக்கும் ஆக்சிஜனைக் கரன்ட் கொடுத்து வெளியே துரத்திடும். அடுத்த அறையில் நாக்ஸை உடைக்கும். அதிலிருந்து வரும் ஆக்சிஜனை எண்ணும். சுத்தி வளைச்சுப் பார்த்தா தம்பியும் ஆக்சிஜன் சென்சார்தான்!

இப்போ பட்டறைக்கு வருவோம். அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடின லாரி ஒண்ணு மஞ்சள் லைட்டோடு வந்து நிற்குதுன்னு வெச்சுக்குங்க. கேரளாவுக்கு முட்டை லோடு போய்ட்டு வர்ற வண்டி. லைட் எரிஞ்சா சும்மா எரியாது. கண்டுக்காம ஓட்டினா, கம்ப்யூட்டர் முதலில் இழுவையைக் குறைக்கும். அப்புறமும் விட்டா, வண்டி சைக்கிளோடு ரேஸ் விடுற வேகத்துக்கு இறங்கிடும். குதிரான் சுரங்கத்துக்குள்ளே, பின்னாடி ஹாரன் கச்சேரி நடக்க, முட்டை லோடோடு ஊர்ந்து போற டிரைவரை நினைச்சுப் பாருங்க. வண்டிக்கு மாசா மாசம் டியூ கட்டணும். ட்ரிப் தள்ளிப் போனா வாடகை போச்சு. சென்சார் விலையோ ஆயிரக்கணக்கில். “என்னாச்சுங்ணா?”னு அவர் கேட்கிற குரலில் இதெல்லாம் சேர்ந்துதான் இருக்கும்.

இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் அரைகுறையும் பிரியற இடம். அரைகுறை, லேப்டாப்பைச் சொருகி, ‘நாக்ஸ் சென்சார்’னு திரையில் எழுத்து வந்ததுமே “சென்சர் போச்சுங்க, மாத்திரலாம்”னுடுவார். நல்ல ஆள் ரெண்டாவது நம்பரைப் பார்ப்பார். லாரி கம்ப்யூட்டர் பேசுகிற பாஷையில் 3226-ன்னா பின்னால் இருக்கும் நாக்ஸ் சென்சார் பற்றிய புகார். அது யாரைப் பற்றின்னு மட்டும்தான் சொல்லுது. என்ன புகார்ங்கிறது அதோடு ஒட்டி வரும் குட்டி நம்பரில் இருக்கு. 5-ன்னா லைன் கட்டாயிருக்கலாம். 9-ன்னா சென்சார் பேச்சையே காணோம். அப்போ முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ், கனெக்டர், ஒயர். அஞ்சு லட்சம் கிலோமீட்டர் குலுங்கின வண்டியில் ஒயர் சேஸில் உரசித் தேய்ஞ்சிருக்கும். வாட்டர் சர்வீஸில் கனெக்டருக்குள் தண்ணி போயிருக்கும். எலி கடிச்சதும் உண்டு (சிரிக்காதீங்க, எலிக்கு ஒயர்னா உயிர்).

இன்னொரு கூத்து கேளுங்க. நாக்ஸ் சென்சாருக்கு அமோனியாவுக்கும் நாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. யூரியா அளவுக்கு மீறித் தெளிச்சாலும் ‘நாக்ஸ் அதிகம்’னு கத்தும். தண்ணி கலந்த மட்டமான யூரியாவை ஊற்றினா, நிஜமாவே நாக்ஸ் அதிகமாகி, அதையும் கத்தும். ரெண்டு கேஸிலும் மூக்கு சரியாத்தான் இருக்கு. புது மூக்கு வாங்கி மாட்டினா, அதுவும் ரெண்டு நாளில் அதே பல்லவியைப் பாடும். ஓனர் பாக்கெட் காலி! அதனால்தான் விவரமான மெக்கானிக், சென்சாரில் கை வைக்கும் முன்னால் யூரியா டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார், தெளிக்கிற இடத்தில் வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிப்பார், சைலென்சர் ஜாயின்ட்டில் எங்கேயாவது புகை கசியுதான்னு கையைக் காட்டிப் பார்ப்பார். டிரைவரிடம் ரகசியம் மாதிரி, “யூரியா எங்கீங்க பிடிச்சீங்க?”னு கேட்பார்.

எல்லாம் பார்த்த பிறகும் சென்சார்தான் குற்றவாளின்னா, கழட்டியாகணும். வேலை என்னவோ 22-ம் நம்பர் ஸ்பேனர் வேலைதான். ஆனா வருஷக்கணக்கா சூட்டில் வெந்த மரை அது, லேசில் விடாது. துரு இளக்கும் ஆயிலை அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நீங்களும் போங்க. திரும்பி வந்து, இளஞ்சூட்டில் மெதுவா, முன்னும் பின்னுமா ஆட்டி எடுப்பாங்க. அவசரப்பட்டா சென்சாரோடு மரையும் வந்துடும். புதுசை மாட்டும்போது பசையை மரையில் மட்டும் தடவணும், நுனியில் பட்டா புது மூக்குக்கு ஜலதோஷம். நாக்ஸ் சென்சாருக்குப் பின்னால் ஒயரோடு ஒரு சின்னப் பெட்டி சேர்ந்தே வரும். ஒயரை வெட்டி ஒட்டற நம்ம ஊர் கைவைத்தியம் அங்கே செல்லாது. பெட்டியோடுதான் மாத்தணும்.

வேலை முடிஞ்சதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணினா, சென்சார் உடனே ரீடிங் காட்டாது. பயந்துடாதீங்க. குளிர்ந்த சைலென்சரில் தண்ணித் துளி இருக்கும். பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் பீங்கான் மேலே அது பட்டா விரிசல்தான். அதனால் சைலென்சர் காயும்வரை அது ஹீட்டரை முழுசா ஆன் பண்ணாது. அஞ்சு லட்சம் கிலோமீட்டரில் சென்சார் சாகறதுக்கு இந்தத் தண்ணித் துளியும் ஒரு காரணம்.

ஊரில் இன்னொரு வழியும் காதில் விழும். குட்டியா ஒரு டப்பா. சென்சாருக்குப் பதில் அதை மாட்டிட்டா, ‘எல்லாம் சுத்தம்’னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக்கிட்டே இருக்கும். யூரியா செலவும் இல்லை, லைட்டும் இல்லை. டியூ கட்ட முடியாமல் தவிக்கிறவருக்கு இது ஏன் இனிக்குதுன்னு புரியுது. அவரைத் திட்ட எனக்கு மனசில்லை. ஆனா கம்பெனி கொடுத்த வண்டியை இப்படி மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறது யாரு? டோல்கேட்டில் நின்னு வேலை பார்க்கிற பொண்ணு, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்கூல் பசங்க, அதே வண்டிக்குக் கீழே பாய் விரிச்சுத் தூங்குற கிளீனர். டப்பா விற்கிறவரை மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிப் பட்டறை பூட்டியிருக்கும். காலையில் வேலை மும்முரம், பேச ஆள் கிடைக்காது. சாயங்காலம் நாலு மணி டீ நேரம் பெஸ்ட். ஷூ போட்டுக்கிட்டுப் போங்க. சைலென்சரைத் தொட்டுப் பார்க்கிற ஆசை வேண்டவே வேண்டாம். “ஏனுங் தம்பி, காலேஜுங்களா?”னு கேட்டா, “ஆமாங்ணா”ன்னுட்டு ஓரமா நில்லுங்க. கேள்வி கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க, புத்தகத்தைத் திறந்து காட்டினாத்தான் சிரிப்பாங்க.

லேப்டாப்பில் பழைய புகாரை அழிச்சதும் மஞ்சள் லைட் அணைஞ்சிடும். அது பெரிய விஷயமில்லை. திரும்ப வராமல் இருக்கணும். அதைப் பார்க்கத்தான் வண்டியை ஹைவேயில் ஏற்றி ஒரு ரவுண்டு போவாங்க. கிளீனர் சீட் காலியா இருந்தா கேட்டு ஏறிக்குங்க. பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் நல்லா இழுத்து, சைலென்சர் சூடேறி, ரெண்டு மூக்கும் முழிச்ச பிறகு டாஷ்போர்டை எட்டிப் பாருங்க. லைட் வரலைன்னா டிரைவர் ஒண்ணும் பெருசா பேச மாட்டார். பாட்டு சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.