பேரேட்டில் இருப்பது பிறர் மானம்



எங்கள் மஹல்லாவின் பைத்துல்மாலில் நாங்கள் சிலர் பல ஆண்டுகளாகப் பொறுப்பு வகித்து வருகிறோம். எங்களுடையது கடலோரச் சிற்றூர். உறுப்பினர்கள் மாதந்தோறும் செலுத்தும் சந்தா, வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் அனுப்பும் ஜகாத், ரமளானில் சேரும் ஃபித்ரா ஆகியவற்றைத் திரட்டி உரியவர்களிடம் சேர்ப்பதே எங்கள் பணி. பணத்தைப் பொறுத்தவரை ஒரு ரூபாய்க்கும் கணக்குத் தவறியதில்லை என்னும் பெருமிதம் எங்களுக்குள் இருந்தது. அமானிதம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் நினைவுக்கு வந்ததெல்லாம் பணப்பெட்டிதான்.

அந்த நினைப்பைத் திருத்தியவர் ஒரு சகோதரி. கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். ஒரு ரமளானின் இறுதிப் பத்தில், அஸர் தொழுகைக்குப் பின் அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“காக்கா, நான் எழுதிக் குடுத்த தாளைத் திருப்பித் தந்துடுங்க. உதவி வேணாம்.”

அவ்வளவுதான் சொன்னார். காரணத்தை நாங்கள் பிறர் வாயிலாகவே அறிந்தோம்.

அந்த ஆண்டு உதவி கோரியோரின் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருந்தோம். பெயர், தெரு, கைபேசி எண், கடன் தொகை, வீட்டிலுள்ள நோயாளிகள், மணமாகாத பெண்மக்கள் என ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் அதில் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் உதவி பெறுகிறதா எனச் சரிபார்க்கலாமே என்னும் நல்லெண்ணத்தில், எங்களுள் ஒருவர் அதனை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். நாங்கள் எவரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது தவறென்று எவருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு நாள்களில் அப்பட்டியல் வேறு குழுக்களுக்குச் சென்றது. அச்சகோதரியின் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த வீட்டாரின் கைபேசிக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவருடைய இளைய மகனுக்கு வலிப்பு நோய் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த ஒரு வரியை அவர்கள் படித்தார்கள். பேச்சு நின்றுபோயிற்று.

அவர் கேட்ட தாளைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். நான்காக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார். தாளைத் திருப்பித் தர எங்களால் முடிந்தது. அதிலிருந்த செய்தியைத் திருப்பித் தர முடியவில்லை. குழுவில் இட்டதை அழித்தோம். ஆயினும் பிறர் தரவிறக்கி வைத்ததையும், மேலும் அனுப்பிவிட்டதையும் அழிக்கும் வழி எங்களிடம் இல்லை. திருடுபோன பணத்தை ஈடுசெய்யலாம். வெளியே போன செய்திக்கு ஈடு கிடையாது.

மார்க்கம் நமக்கு முன்பே சொன்னது

இதில் வருந்தத்தக்கது, நாங்கள் அறியாத எதையும் அந்நிகழ்வு கற்பிக்கவில்லை என்பதே. தர்மங்களை வெளிப்படையாகச் செய்வது நன்று. மறைத்து ஏழைகளுக்கு வழங்குவது அதனினும் சிறந்தது என்று அல்குர்ஆன் கூறுகிறது (2:271). அதே அத்தியாயத்தின் 273ஆம் வசனம், தன்மானத்தால் கையேந்தாமல் இருப்பதால் அறியாதோர் செல்வர் என்றே கருதிவிடும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அத்தகையோரைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் கடமை. கண்டுபிடித்த பின் ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அவர்கள் காத்துவந்த தன்மானத்தை நம் கையாலேயே பறிப்பதாகும்.

ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்ப்பாரானால், அவர் சொன்னது அமானிதம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ளது. “யாருக்கும் சொல்லாதீர்கள்” என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதுமானது. எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு பெண்ணும் ஒருமுறையேனும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார். ஆண்டுக்கணக்கில் அதனைக் கண்டும், நாங்கள் அதன் பொருளை உணரவில்லை.

சிறுவராக இருந்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானதால் தாயார் காரணம் கேட்டார். அது இரகசியம் என்றார் சிறுவர். தாயார் துருவிக் கேட்கவில்லை. நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்றே அறிவுறுத்தினார். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள இந்நிகழ்வில், சொல்லாத பிள்ளைக்கு நிகரான பாடம் கேட்காத தாயிடமும் இருக்கிறது. உதவி கோரியவர் யார் என்று விசாரிக்கும் உறுப்பினர்களுக்கு நாங்கள் இப்போது நினைவூட்டுவது அத்தாயாரைத்தான்.

எழுதிவைப்பதே தவறு என்று எவரும் எண்ண வேண்டாம். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் உதவித்தொகை பெறுவோருக்கெனத் திவான் என்னும் பதிவேடு ஏற்படுத்தப்பட்டதை வரலாறு கூறுகிறது. பதிவேடு இல்லையேல் நீதி இல்லை. ஒருவருக்கு இருமுறை போகும், மற்றொருவருக்குப் போகாமலே நின்றுவிடும். ஆகவே எழுத வேண்டும். எழுதியது யாருடையது என்பதில்தான் நாங்கள் பிழை செய்திருந்தோம். பேரேடு சங்கத்தின் சொத்து, ஆகவே அதிலுள்ளவையும் சங்கத்தின் சொத்து என எண்ணியிருந்தோம். உண்மையில் அட்டையும் தாளும் மட்டுமே எங்களுடையவை. எழுதப்பட்ட வாழ்க்கை அவரவருடையது.

நாட்டின் சட்டம் சொல்வது

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முதன்மையான கடமைகள் பலவும் அதிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. எங்களைப் போன்ற அமைப்புகள் தம்மைச் சீர்செய்துகொள்ளக் கிடைத்துள்ள அவகாசம் இது.

அச்சட்டத்தின் சாரம் எளியது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, உரியவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவர் விரும்பினால் அந்த அறிவிப்பைத் தமிழிலேயே பெறலாம். சொன்ன நோக்கத்திற்கு அப்பால் பயன்படுத்தலாகாது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதனைத் தந்தபோது இருந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. தகவல் கசிந்தால், பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கும் தெரிவிக்க வேண்டும். உரிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

கணினியில் உள்ளவற்றுக்கும், பின்னர் கணினியில் ஏற்றப்படுபவற்றுக்கும் மட்டுமே இச்சட்டம் பொருந்தும். தாளில் மட்டும் உள்ளதை அது தொடாது. அமானிதமோ இரண்டையும் தொடும்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

பெருநாள் கழிந்தபின் முதலில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். எங்களிடம் உள்ள தகவல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடினோம். கிடைத்த விடைகள் எங்களைத் தலைகுனிய வைத்தன. முன்னாள் பொருளாளர் வீட்டில் ஒரு பென்டிரைவ். அச்செடுப்பதற்காக அனுப்பிய ஆதார் நகல்கள் ஜெராக்ஸ் கடைக் கணினியில் அப்படியே. பழைய விண்ணப்பங்கள் ஒரு கட்டு, எடைக்குப் போட ஒதுக்கிய காகிதங்களுடன். அத்தனையும் மீட்டோம்; வேண்டாதவற்றைச் சுக்கலாகக் கிழித்து எரித்தோம்.

அடுத்து, விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியின் முன்னும் “இது எதற்கு?” என்று கேட்டோம். விடை இல்லாதவற்றை நீக்கினோம். இரண்டு பக்கப் படிவம் அரைப் பக்கமாயிற்று. ஆதார் நகல் வாங்குவதை நிறுத்தினோம். அட்டையைப் பார்த்துவிட்டுப் “பார்க்கப்பட்டது” என்று குறித்துத் திருப்பித் தருகிறோம். நகல் தேவைப்படும் அரிய நேரங்களில், இறுதி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கேட்கிறோம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது.

விசாரணைக்குச் செல்லும் மூவர் மட்டுமே இப்போது பெயரை அறிவர். செயற்குழுவின் முன் வருவது ஓர் எண்ணும் தேவையின் தன்மையும் மட்டுமே. “பதினேழாம் எண், வாடகை பாக்கி, மூன்று மாதம்” என்றால் தீர்மானிக்க அது போதும். பெயர் தெரியாதபோது தீர்ப்பு நேராக இருப்பதையும் கண்டோம்; இன்னார் மச்சான், இன்னாருடன் மனத்தாங்கல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொறுப்பிலிருந்து விலகுகிறவர், தம் கைபேசியில் உள்ளவற்றை எங்கள் முன்னிலையில் அழித்துவிட்டே விடைபெறுகிறார்.

உறுப்பினர்களின் தகவலும் இதில் அடங்கும். சந்தா பாக்கி வைத்தோரின் பெயர்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் எங்களிடம் நெடுங்காலமாக இருந்தது. ஒருமுறை அதில் பெயர் வந்த ஒருவர், வேலை இழந்து ஊர் திரும்பியிருந்தவர், சில வாரங்கள் ஜும்ஆவுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சென்றுவந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். சில நூறு ரூபாய்க்காக ஒரு மனிதரைத் தொழும் இடத்திலிருந்தே விலக்கியிருந்தோம். அப்பட்டியல் இப்போது இல்லை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. உதவி பெறுவோரின் முகம் தெரியும் படங்களை அனுப்புவதை நிறுத்தியதும், வளைகுடாவிலிருந்து ஓர் அன்பர் வினவினார்: “நாங்க அனுப்புற பணம் போய்ச் சேருதுன்னு எப்படி நம்புறது?” நியாயமான கேள்வி. பிறர் பணத்தைக் கையாள்வோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். ஆனால் கணக்கு வேறு, முகம் வேறு. இப்போது, மருத்துவத்திற்கு எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை, கல்விக்கு எவ்வளவு என ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகிறோம். பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் தணிக்கையாளர் பார்க்கிறார். ஐயமுள்ள உறுப்பினர், பெயர் மறைத்த சீட்டுகளை அலுவலகத்தில் வந்து பார்க்கலாம். அந்த அன்பருக்கு இதனை எழுதினோம். அலீ இப்னு ஹுசைன் ஸைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களையும் நினைவூட்டினோம். மதீனாவில் பல வீடுகளுக்கு இரவில் உணவு வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவர் யாரென்று அவர்களுடைய மறைவுக்குப் பின், உணவு நின்றபோதும், மூட்டை சுமந்த தழும்புகளை முதுகில் கண்டபோதுமே தெரிந்தது. அன்பர் பதில் எழுதவில்லை. பணம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கிறது.

இறுதியாக, அச்சகோதரியிடம் எங்கள் வீட்டுப் பெண்களுடன் சென்று மன்னிப்புக் கோரினோம். தேநீர் தந்தார். “அல்லாஹ் போதுமானவன், காக்கா” என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் துணிவில்லை. கொண்டுபோயிருந்த புதிய படிவத்தை அவரிடம் காட்டி, இதில் என்ன குறை என்று சொல்லுமாறு வேண்டினோம். நிதானமாகப் படித்தார். “வீட்டில் யாருக்கேனும் நோய் உண்டா, என்ன நோய்” என்ற கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

“என்ன நோய்னு எதுக்கு? மாசம் மருந்துச் செலவு எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.”

எங்கள் செயற்குழுவில் படித்தவர்கள் பலர் உண்டு. இந்த ஒன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. இன்று எங்கள் படிவத்தில் அவர் சொன்னவாறே இருக்கிறது. அவர் இதுவரை அதனை நிரப்பித் தரவில்லை.

உங்கள் மஹல்லாவிலும் ஒரு பேரேடு இருக்கும். அது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எத்தனை கைபேசிகளில் இருக்கிறது என்று இந்த வெள்ளிக்கிழமை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் மறைப்பதாக வாக்களித்துள்ள வல்ல அல்லாஹ், எங்கள் பிழையைப் பொறுத்தருள்வானாக. நம் கையில் உள்ள அமானிதங்கள் அனைத்தையும் பேணிக் காக்கும் நற்பேற்றை நம் எல்லோருக்கும் வழங்குவானாக. ஆமீன்.