சளி விட்டது, இளைப்பு விடவில்லை

‘எனக்கு வயது 42. போடியிலிருந்து ஜீப்பில் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். மூன்று வருடமாக இளைப்பு இருக்கிறது. முன்பு எப்போதாவது வரும். இப்போது ஒவ்வொரு சளிக்கும் வருகிறது. சளி ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறது. இளைப்பு ஒரு மாதம் ஆனாலும் விடுவதில்லை. மலை வேலையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. ஏலக்காய் அழுகல், தண்டுத்துளைப்பான் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இருந்தது. ‘இது டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி’ என்று ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. எனக்கும் 20 வருடத்துக்கு மேலாக ஆஸ்துமா உண்டு. நான் வேளாண்மை படித்தவள், மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால், இந்தச் சகோதரி எழுதியிருக்கும் அதே நிலையில் நானும் ஒரு வருடம் முழுக்க இருந்திருக்கிறேன். அதிலிருந்து வெளியே வந்த வழியைச் சொல்வது என் கடமை.

அந்த வருடம் ஆடிக் காற்றில் முதல் சளி பிடித்தது. ஐப்பசி மழையில் இரண்டாவது. மார்கழிப் பனியில் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருமல் டானிக்கும் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து பிடிக்கவைத்தார்கள். அவசரத்துக்கு நீல நிற இன்ஹேலர் ஒன்றை எழுதினார்கள். ஐந்து நாள் நன்றாக இருக்கும். பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு விசில் அடிக்கும். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே விடியும். காலையில் வயல் ஆய்வுக்குப் போனால், வரப்பில் நூறு அடி நடக்கும் முன் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

பிறகு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பார்த்த நெஞ்சக நோய் மருத்துவர் மருந்துச் சீட்டைப் புரட்டும் முன்பு நான்கு கேள்விகள் கேட்டார். ஆஸ்துமா உள்ள எல்லோரும் இவற்றைத் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

கடந்த 4 வாரங்களில்,

1. பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இளைப்போ இருமலோ வந்ததா?

2. இளைப்பால் ஒரு ராத்திரியாவது தூக்கம் கலைந்ததா?

3. அவசர இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அடித்தீர்களா?

4. வழக்கமாகச் செய்யும் வேலை எதையாவது இளைப்பால் குறைத்துக்கொண்டீர்களா?

நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று, இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்று, நான்கு ‘ஆம்’ என்றால் நோய் கட்டுக்குள்ளேயே இல்லை. என் கணக்கு நான்குக்கு நான்கு.

‘உங்களுக்குச் சளி ஒரு தனி வியாதி இல்லை அம்மா. உள்ளே இருக்கிற வீக்கத்துக்கு யாருமே மருந்து கொடுக்கவில்லை’ என்றார் அவர்.

மழைக்கு முன்னே போர்டோ

அவர் விளக்கியது எனக்குச் சட்டென்று புரிந்தது. காரணம், அதையேதான் நாம் ஏலத்தோட்டத்தில் சொல்கிறோம். ஏலம் எங்கள் துறைக்கு நேரடியாக வராது, நறுமணப் பொருள்கள் வாரியம் பார்க்கிறது. ஆனால், போடியில் வேலை பார்த்துக்கொண்டு ஏலத்தோடு பழகாமல் இருக்க முடியாது.

அழுகல் நோய்க்கு நாம் என்ன செய்கிறோம்? காய் அழுகிக் கொட்டிய பிறகு ஓடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன்பே சருகையும் காய்ந்த தண்டையும் எடுத்துச் சுத்தம் செய்து, நிழல் மரங்களைக் கவாத்து செய்து, 1% போர்டோ கலவை தெளிக்கிறோம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மழை நீடித்தால் மறுபடியும் தெளிக்கிறோம். மழையை நம்மால் நிறுத்த முடியாது. செடியைத் தயார் செய்ய முடியும்.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயில், நன்றாக இருக்கும் நாட்களிலும் லேசான வீக்கம் இருக்கும். சளியை உண்டாக்குவது வைரஸ். அதில் முக்கியமானது ரைனோ வைரஸ். மற்றவர்களுக்கு அது மூக்கோடு போய்விடும். நமக்கு, ஏற்கெனவே இருக்கும் வீக்கத்தைக் கிளறிவிடும். மூக்கு ஒழுகுவது ஒரு வாரத்தில் நின்றாலும், குழாய் பழைய நிலைக்கு வர 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று சளி சகஜம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கூடுதலாகவும் வரும். மூன்று சளி, ஆளுக்கு ஆறு வாரம் என்று போட்டுப் பாருங்கள். 18 வாரம், நான்கு மாதத்துக்கு மேல். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அது எத்தனை நாள் சம்பளம்!

நீல நிறத்தில் பெரும்பாலும் வருவது சால்பூட்டமால் என்ற அவசர மருந்து. இறுகிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு மருந்து: பூடசோனைட், பெக்ளோமெத்தசோன், ஃப்ளூடிகாசோன் போன்றவை. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு, பெரியவர்களுக்கு அவசர மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019-ல் மாற்றிச் சொல்லிவிட்டது. தடுப்பு மருந்தும் விரிக்கும் மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பாமல், உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘பம்பு பழகிப்போயிரும்’

‘பம்பு அடிச்சா பழகிப்போயிரும், அதுதான் கடைசி மருந்துன்னு சொல்றாங்க மேடம்.’ ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்களிடம் பேசினால் முதலில் வருவது இதுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இன்ஹேலரை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கணக்காகப் பார்ப்போம். இன்ஹேலரில் ஒரு தடவை இழுக்கும் தடுப்பு மருந்து 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைப்பு முற்றும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். 25 மடங்கு. அதுவும் வயிற்றில் இறங்கி உடம்பு முழுக்கப் போகும். முற்றிய இளைப்பில் அந்த மாத்திரை உயிர் காக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்துக்கு நான்கு தடவை அது தேவைப்படுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். வேரில் ஊற்ற வேண்டியதைத் தோட்டம் முழுக்கக் கொட்டுவதற்கும், வேரில் மட்டும் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தடுப்பு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. சுமார் மூன்று மாதம் நோய் கட்டுக்குள் இருந்த பிறகு, மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், அடிக்கும் முறையைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுகப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்த வேண்டும். பிறகு 10 எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தினால் இன்னும் சுலபம், மருந்தும் தொண்டையில் வீணாகாது. கேப்சூல் வைத்து இழுக்கும் கருவி என்றால் நேர் எதிர்: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தடுப்பு மருந்து எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வராது.

கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்

அப்படியும் ஒவ்வொரு சளிக்கும் இளைப்பு நீடித்தால், வேறு ஏதோ ஒன்று உள்ளிருந்து தூண்டுகிறது. எனக்கு அது மூக்கு ஒவ்வாமை. மூக்குக்குத் தனி ஸ்பிரே கொடுத்த பிறகுதான் நெஞ்சும் அடங்கியது. சிலருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். அட்டினலால், புரோப்பரனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும், கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும்கூட மூச்சுக்குழாயை இறுக்கலாம். இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் கொண்டுபோய், ‘எனக்கு ஆஸ்துமா உண்டு’ என்று முதலில் சொல்லுங்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈர வைக்கோல், மட்கு உரக் குவியலைக் கிளறும்போது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் பறக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சளி பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டாம், வைரஸிடம் அது வேலை செய்யாது. தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் தொண்டைக்கு இதம்தான். நானும் குடிக்கிறேன். ஆனால், அவை தடுப்பு மருந்துக்கு மாற்று இல்லை. ஃப்ளூ தடுப்பூசியை வருடம் ஒரு முறை போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலையை விட வேண்டுமா?

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். வேலையை விடும் முன், வேலையில் எது தூண்டுகிறது என்று பாருங்கள்.

அதிகாலை ஜீப். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுக்குப் போவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். குளிர்காற்று நேராக நெஞ்சில் இறங்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மூக்கு வழியாகவே மூச்சு விடுங்கள்.

அடுத்து ஸ்டோர். 80% ஈரமுள்ள பச்சைக்காயை 10-12% ஈரத்துக்குக் கொண்டுவர ராத்திரி பகலாக விறகு எரிகிறது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் அறை முழுக்கப் புகை. அதை அடைத்துத்தரச் சொல்லுங்கள். ஸ்டோருக்குள் படுக்காதீர்கள். காய் உரசிச் சுத்தம் செய்யும் இடத்தில் தூசிக்கு என்95 மாஸ்க் உதவும்.

மூன்றாவது, மருந்தடிப்பு. குயினால்பாஸ், புரொபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நேரடியாகவே மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியவை. அந்த வாடையைத் துணியோ என்95 மாஸ்க்கோ தடுக்காது. மருந்தடிக்கும் நாளில் வேறு பகுதியில் வேலை கேளுங்கள். தோட்ட முதலாளிகளும் மேஸ்திரிகளும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். மருந்தடித்த தோட்டத்தில் ஒருவருக்கு இளைப்போடு எச்சில் ஒழுகல், அதிக வியர்வை, கண்மணி சுருங்குதல் இருந்தால் அது வெறும் ஆஸ்துமா அல்ல, விஷம் ஏறியிருக்கிறது. மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இத்தனையும் சரிசெய்து, தடுப்பு மருந்தையும் மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும், வேலை நாளில் இளைப்பும் லீவு நாளில் நிம்மதியுமாக இருந்தால், அப்போது வேலையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். என் அனுபவத்தில், பலருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதில்லை. நானே இன்றும் மலைக்குப் போகிறேன். போன மார்கழியில் சளி பிடித்தது, ஒரு வாரத்தில் சளியோடு இளைப்பும் போய்விட்டது.

வீட்டார் கவனத்துக்கு

ஆஸ்துமா உள்ளவர் ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அவசர மருந்து அடித்தும் தணியவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும் வரை நிற்காமல், கிடைத்த ஜீப்பில் இறங்கத் தொடங்குங்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவர் சொன்ன அளவில் அவசர மருந்தைக் கொடுத்தபடியே போங்கள்.

இன்னொரு கணக்கையும் வீட்டார் வைத்துக்கொள்ள வேண்டும். 200 தடவை அடிக்கும் அவசர இன்ஹேலர் வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் அது எச்சரிக்கை. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. தீர்ந்த டப்பாவைத் தூக்கிப் போடும் முன், காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். வருடத்தில் மூன்றாவது கோடு விழுந்தால், இன்னொரு டப்பா வாங்குவதோடு நிறுத்தாமல் நெஞ்சக நோய் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.