"அந்த நம்பர் பக்கமே போகாதீங்க"

நான் வசிக்கும் ஊரின் பொதுப் பாதுகாப்புத் துறை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவர்கள் சொன்னதை எங்கள் குடியிருப்புப் பெரியவர்களிடம் தமிழில் சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான். சொல்லவில்லை. சொல்லியாயிற்றா என்று கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்று பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்க்குச் சில வாரங்கள் கழித்து ஒரு மனிதருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. நான் சொல்லியிருந்தால் அவர் கை பிழைத்திருக்கும் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஊர் கலிபோர்னியாவின் சன்னிவேல். 2020 கணக்கெடுப்பில் 1,55,805 பேர். இங்கே போலீஸ் தனியாகவும் தீயணைப்பு தனியாகவும் கிடையாது. 1950 முதல் இரண்டும் ஒரே துறை. அதிகாரி ஒவ்வொருவரும் போலீஸ் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி, அவசர மருத்துவ உதவிப் பயிற்சி மூன்றையும் முடித்தவர். சில காலம் ரோந்து காரில் போவார், பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு மாறுவார். ரோந்துக்குப் போகும்போதும் காரின் டிக்கியில் தீயணைப்பு உடுப்பு இருக்கும். அதனால் நெஞ்சு வலிக்கிறது என்று 911-ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டியோடு போலீஸ் காரும் வாசலில் வந்து நிற்கலாம். இறங்கி வருபவர் முதலுதவி தெரிந்தவர். இந்த ஊரில் பல வருடம் இருந்துவிட்ட எனக்கு இது தெரியும். கரூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆறு மாத விசாவில் பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்களுக்கு 108 தெரியும், 100 தெரியும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் அவர்களுக்கு, போலீஸ் கார் வந்து நிற்பது என்றால் ஏதோ அசம்பாவிதம், ஏதோ அவமானம்.

ஒரு நாள் மதுரைக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஊருக்குப் பேச முயன்றார். இங்கிருந்து இந்தியாவுக்கு அழைக்க 011 போட்டு அதன்பின் 91 போட வேண்டும். அவர் 011-ஐ விட்டுவிட்டு நேராக 91 போட்டார், அடுத்து 1-ல் விரல் பட்டுவிட்டது. எதிர்முனையில் ஆங்கிலத்தில் யாரோ கேள்வி கேட்கவும் பயந்து வைத்துவிட்டார். திரும்ப அழைத்தபோதும் எடுக்கவில்லை. 911-க்கு வந்த அழைப்பு அப்படித் துண்டிக்கப்பட்டால் ஆளை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். ரோந்து கார் வந்தது. அவர் நடுங்கிக்கொண்டு நிற்க, யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், பேசித் தீர்க்க.

வந்திருந்த அதிகாரியை நான் முன்பே பார்த்திருந்தேன். தீயணைப்பு நிலையத்தைப் பார்க்க என் குழந்தைகளை அழைத்துப் போனபோது வண்டியில் ஏற்றிக் காட்டியவர் அவர்தான். பெரியவரிடம் அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தவறாக அழைத்துவிட்டால் வைத்துவிடாமல், தவறு என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து நிதானமாகப் பேசினார். ஆங்கிலம் வராது என்பதற்காக யாரும் அழைக்காமல் இருந்துவிடக் கூடாது. 'டமில்' என்று சொன்னால் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கப் பார்ப்பார்கள். அமெரிக்க சிம் இல்லாத கைப்பேசியிலிருந்தும் 911-ஐ முயலலாம். ஆனால் இணைப்பு அறுந்தால் அவர்களால் திரும்ப அழைக்க முடியாது, ஆகவே வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதிப் போன் அருகே ஒட்டி வைக்க வேண்டும். விசாவைப் பற்றிய பயம் வேண்டாம். உள்ளூர் போலீஸ் ஒருவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் இங்குள்ள பெரியவர்களிடம் உங்கள் மொழியில் சொல்ல முடியுமா என்று கேட்டார். கையில் ஒரு கட்டுத் துண்டறிக்கை கொடுத்தார். நிச்சயம் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை வழக்கம்போல் பெரியவர்கள் பூங்கா பெஞ்சில் கூடியிருந்தார்கள். போலீஸ் வந்த சேதி எல்லாருக்கும் எட்டியிருந்தது. என்னவாம், என்னவாம் என்று கேட்டார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே அந்த நம்பர் பக்கமே போகாதீங்க."

துண்டறிக்கைகள் என் கார் இருக்கையின் பின்பையிலேயே கிடந்தன.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னை நானே கேட்டிருக்கிறேன். நேரமில்லை என்பது உண்மையல்ல. அதே பெஞ்சில் உட்கார்ந்து தேர்தல் பற்றியும் சினிமா பற்றியும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் வாழ்ந்தவர் என்று ஒருவரைப் புகழும் ஊரில் வளர்ந்தவன் நான். சீருடையிலிருந்து எட்டி நிற்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் என் ரத்தத்தில் இருக்கிறது; கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் அது இன்னும் கெட்டிப்பட்டது. எங்கள் வளாகத்தில் அடிக்கடி போலீஸ் கார் வந்து நிற்பதை மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமும் இருந்தது. இதையெல்லாம்விட மோசமான காரணம் ஒன்று உண்டு. இவர்களுக்குச் சொன்னால் புரியாது, எதற்கெடுத்தாலும் அழைத்துத் தொல்லை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிலத்தை விற்று, தனியாக இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தவர்களைப் பற்றி அப்படி நினைத்தேன்.

ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை இந்நாட்டு ஊர்கள் பலவற்றில் 'நேஷனல் நைட் அவுட்' என்று ஒரு மாலை நடக்கும். 1984-ல் தொடங்கிய வழக்கம். அக்கம்பக்கத்தார் தெருவில் கூடிச் சாப்பிடுவார்கள். போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் வந்து பேசுவார்கள். எங்கள் வளாகத்துக்கு அதே அதிகாரி வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெரியவர்களிடம் சொன்னீர்களா, ஏதாவது சந்தேகம் கேட்டார்களா என்று விசாரித்தார். தட்டில் சமோசாவை வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், நன்றி சொன்னார்கள் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அங்கேயே, அந்த மாலையிலேயே, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர்களோடு பேசியிருப்பார். அத்தனை பெரியவர்களும் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லாமல் விட்டது சோம்பல் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பொய் அடுத்தவர் சொல்வதற்கான வழியையும் அடைத்துவிட்டது.

விஷயம் தெரியாதவன் செய்த பிழை என்று யாரும் என்னை விட்டுவிட வேண்டாம். 2018 நவம்பர் 8 அன்று இதே மாநிலத்தின் பாரடைஸ் என்ற சிற்றூர் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் முதியவர்கள். அங்கே எச்சரிக்கை அழைப்பு வரவேண்டுமென்றால் முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாதவர்கள் ஏராளம், பதிந்தவர்களிலும் பலருக்கு வந்து சேரவில்லை. அந்தப் புகை பல நாள் எங்கள் ஊர் வானத்திலும் நின்றது. அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் நான் ஆத்திரத்தோடு பேசினேன், மக்களுக்குத் தகவல் சொல்லாத நிர்வாகம் என்ன நிர்வாகம் என்று. அப்போது எங்கள் சான்டா கிளாரா மாவட்டத்தின் 'அலர்ட்-எஸ்.சி.சி.' எச்சரிக்கைச் சேவையில் நானே பெயர் பதிந்திருக்கவில்லை. சில நிமிட வேலை. தண்ணீர், குப்பை போன்ற சேவைகளின் கணக்குகளிலிருந்து குடியிருப்போரின் தொடர்பு விவரத்தை எடுத்து, எச்சரிக்கைப் பட்டியலில் தாமாகவே சேர்த்துக்கொள்ள மாவட்டங்களுக்கு அனுமதி தரும் சட்டம் அதே 2018-ல் வந்தது. நல்ல சட்டம். ஆனால் விருந்தினராக வந்திருக்கும் அம்மா பெயரில் எந்த வீட்டிலும் தண்ணீர்க் கணக்கு கிடையாது. இத்தகைய ஏற்பாடு எதற்கும் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களை எட்டக்கூடிய ஒரே வழி, இரண்டு மொழியும் தெரிந்து அதே படிக்கட்டில் ஏறி இறங்கும் என்னைப் போன்ற ஒருவன்தான்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை. கரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தம்பதி. மகன் சான் பிரான்சிஸ்கோவில் வேலை, விடிந்ததும் ரயிலேறிவிடுவார். காலைப் பலகாரம் ஆனபின் பெரியவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று, கையிலிருந்த டம்ளர் நழுவியது. காற்று அடித்திருக்கும் என்று நினைத்து அந்த அம்மா தைலம் தேய்த்துப் படுக்கவைத்தார். பேச்சு குழறியபோது பயந்து மகனை அழைத்தார். மகன் கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அந்த அம்மா என் கதவைத் தட்டியிருக்கிறார். நான் அலுவலகத்தில் இருந்தேன். திரும்பிப் போய் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மகனுக்கே விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். மதியத்தை ஒட்டி மகன் பார்த்துவிட்டு 911-ஐ அழைத்தார். அழைப்பவர் எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊர் மையத்துக்குத்தான் அழைப்பு போகும். அவருடையது சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து இங்கே மாற்றப்பட்டது. மாறியபின் தீயணைப்பு வண்டி சில நிமிடங்களில் வந்துவிட்டது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. அந்தக் காலையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே கழிந்துவிட்டது.

அவர் உயிர் பிழைத்தார். வலது கை வரவில்லை. பேச்சு பாதி வந்தது.

மருத்துவமனைக்கு ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் அந்த அம்மாவிடம், நீங்களே 911-ஐ அழைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீதானே கண்ணு அந்த நம்பர் பக்கமே போகாதீங்கன்னு சொன்னே. போலீசு வந்தா பையனுக்கு வேலைல ஏதாச்சும் ஆயிருமோன்னு இருந்துட்டேன்." குற்றஞ்சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு நடந்தேன் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அதுவும் என் குற்றக் கணக்கில் சேரும்.

அந்த அதிகாரி மறுபடி தீயணைப்பு நிலையப் பணிக்கு மாறியிருந்தார். தேடிப் போய், நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பெரியவர்கள் எத்தனை மணிக்குக் கூடுவார்கள் என்று கேட்டார். அடுத்த வாரமே வந்தார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். எங்கள் மக்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வீண் கேள்வியில்லை. ஆம்புலன்சுக்கு எவ்வளவு பில் வரும், விருந்தினர் காப்பீடு அதைக் கட்டுமா, கதவு உள்பக்கம் பூட்டியிருந்தால் என்ன செய்வது, பேரனுக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் வண்டி வரும்வரை போனில் வழி சொல்வார்களா. மதுரைக்காரர், இவ்வளவு நாள் யாருமே இதைச் சொல்லலையேப்பா என்றார். அத்தனை பேர் முன்னாலும் அப்போது நான் ஒப்புக்கொண்டேன், சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள் என்று.

கரூர்த் தம்பதி அதற்குள் சக்கர நாற்காலியில் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் மகன் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார், மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்ததற்காக. அந்த நன்றியைப் பல மாதம் வாங்கிக்கொண்டேன். இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், பூங்கா பெஞ்சில் நான் சொன்ன வாக்கியத்தையும், ஆகஸ்ட் மாலையில் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.