கீரிமலைக்கு இருவராய்ப் போங்கள்

காதல் என்னும் சொல்லை நம்மவர் இருபது வயதினருக்கே சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டனர். பிள்ளைகள் தலையெடுத்ததும் கணவன் மனைவியருக்குப் பேச எஞ்சுவன பரீட்சையும் மாதச் செலவுமே. அதே வேளையில் உடம்பும் தன் கணக்கை நீட்டத் தொடங்குகின்றது. முழங்கால் முனகுகின்றது, இரத்தத்திற் சீனி ஏறுகின்றது. நடுவயதில் அன்பையும் நலத்தையும் ஒருங்கே பேண விரும்புவோர் ஒரு காலைப்பொழுதைக் கீரிமலையிற் செலவிடுவாராக.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்தால் மாவிட்டபுரம் வரும். வழியெங்கும் செம்மண் தோட்டங்களும் பனைகளுமே துணை. மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பினால் சிறிது தூரத்திற் கடற்காற்று முகத்தில் வீசும். 1990 இற் போரினால் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர், புகையிரதமும் நின்றது. 2015 இல் மீண்டும் காங்கேசன்துறைவரை வண்டி வந்தது. இளந்தம்பதியராய் வெளியேறியோர் பலர் நரைத்த தலையோடு தம் காணிக்குத் திரும்பினர்.

கீரிமலையின் அற்புதம் அதன் ஊற்று. ஒரு பக்கம் உப்புக்கடல் இரைகின்றது. மதிலின் இப்பக்கம் கேணியிலே நன்னீர் நிறைந்திருக்கின்றது. குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தின்கீழ் ஓடி, கரையோரத்தில் ஊற்றாய் வெளிப்படுகின்றது. குன்மநோயால் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இத்தீர்த்தத்தில் ஆடிப் பிணிநீங்கினாள் என்றும், அவளது குதிரைமுகம் மாறியமையால் மாவிட்டபுரம் எனப் பெயர் வந்தது என்றும் ஐதிகம் கூறும். பிணிநீங்கிய பின்பே அவள் மணமகளானாள். நலமும் இல்லறமும் இணைந்தவை என்பதை அக்கதையும் அறிந்திருந்தது போலும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வேறுவேறு. ஒரு ஞாயிறு காலை நான் நீராடிக் கரையேறியபோது, அறுபதைக் கடந்த ஒருவர் வாசலிற் காத்து நின்றார். அவர் மனைவி ஈரக்கூந்தலை முடிந்தபடி வந்தார். வந்ததும் முதற்சொல், “இஞ்சேருங்கோ, தலையை வடிவாத் துவட்டேல்லையே?” என்பதுதான். பின்னர் இருவரும் திண்ணையில் அமர்ந்தனர். அம்மையார் சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து மல்லிக்கோப்பி வார்த்து, பனங்கட்டியில் ஒரு சிறு துண்டை உடைத்து நீட்டினார்.

“இவ்வளவுதானோ?”

“போன கிழமை இரத்தம் பாத்த கணக்கு மறந்துபோச்சோ?”

அவர் சிரித்தார். புறப்பட்டபோது பையைத் தாமே தூக்கிக்கொண்டார். மனைவியின் முழங்காலுக்கு ஏற்பத் தம் நடையைத் தளர்த்திக்கொண்டார். நம்மூர்க் கணவன்மார் பத்தடி முன்னே நடப்பதும் மனைவியர் பின்னே வருவதும் பழைய வழக்கம். அந்தப் பத்தடி இடைவெளி அவர்களிடையே மறைந்திருந்தது. நடுவயதுக் காதலுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

உணவிலும் அவ்வாறே. தவிட்டரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் என்பன நம் பாட்டிமார் அடுக்களையில் நாளாந்தம் இருந்தவை. அவற்றின் இடத்தைத் தீட்டிய அரிசியும் பாணும் சீனித் தேநீரும் பிடித்துக்கொண்டன. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பது அதன் சிறு கூறே. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து மெலிவதால் இவ்வேறுபாடு பெரிது. வயதேறத் தசையும் குறையும்; ஆதலாற் பயறு, உளுந்து, கடலை, மீன் இவற்றுள் ஒன்றேனும் நாளாந்த உணவிற் சேர்தல் வேண்டும். ஒடியற்கூழில் நார்ப்பொருள் மிகுதி. பிலாவில் வார்த்துக் குடும்பமாகக் கூடியிருந்து குடிக்கும் உணவு அது. பனங்கட்டி மட்டும் மருந்தென்று மயங்கலாகாது; அதுவும் சர்க்கரையே. அம்மையார் உடைத்த துண்டின் அளவே நல்லளவு.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1938 இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பல நூறு ஆண்களின் வாழ்வை ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு அது. ஐம்பதாம் வயதிலே தம் உறவுகளில் நிறைவு கண்டோரே எண்பதாம் வயதிற் கூடிய நலத்தோடு இருந்தனர். நடுவயதின் கொலஸ்திரோல் அளவைக் காட்டிலும் அந்நிறைவே முதுமையின் நலத்தைத் தெளிவாக முன்னுணர்த்தியதாம். வாரத்திற்கு 150 நிமிடமேனும் சுறுசுறுப்பாக நடத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. அந்நடையை இருவர் சேர்ந்து நடந்தால் உடலும் உறவும் ஒருங்கே பயன்பெறும் அன்றோ?

நம்மிற் பெரும்பாலோர் கீரிமலைக்குப் போவது இறந்தோர் பொருட்டே. ஆடி அமாவாசையிலே தந்தையை நினைந்து தீர்த்தமாடுகின்றோம். அந்தியேட்டிக் கடன் முடிக்கின்றோம். தம்பதியரில் ஒருவர் மற்றவருக்காகத் தனித்து இந்தப் படிகளில் இறங்கும் நாளும் ஒருகால் வரவே செய்யும். அந்நாள் வருமுன் இருவராய்ப் பலமுறை வந்துபோதல் நன்று.

ஆதலின், வாசகரே, வரும் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் நீராடுங்கள். குரக்கன் பிட்டும் ஒரு போத்தல் மல்லிக்கோப்பியும் கட்டிக்கொள்ளுங்கள். பையைக் கணவர் சுமக்கட்டும். பிள்ளைகளின் பரீட்சைப் பேச்சு அன்றொரு நாள் வீட்டிலேயே இருக்கட்டும்.