அம்மாவின் பொலித்தீன் பை

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால் ஒரு தடித்த பொலித்தீன் பை இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அம்மாவின் பழைய சேமிப்புப் புத்தகம் எல்லாம் அதற்குள் தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன அந்த இரவில், அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தார். மறு கையில் இந்தப் பை இருந்தது. எனக்கு ஆறு வயது. தங்கை அப்பாவின் தோளில். நான்கு வளையல்களைச் சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார் என்பது எனக்குப் பின்னர் தான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பணத்தைக் காப்பாற்றுவது பெண்களின் வேலை. அப்பம்மா ஒரு கதை சொல்லுவார். 1970ஆம் ஆண்டு நிதியமைச்சராக இருந்த கலாநிதி என்.எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். சில நாட்களுக்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். வெங்காயம் விற்ற காசைச் செம்புக்குள் போட்டு மூடி வைத்திருந்த அப்பம்மா, அயலவர் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பினாராம். ஆனால் நெல் மூடைகளுக்கிடையே வேறாகச் செருகி வைத்திருந்த ஒரு சிறு கட்டு நினைவுக்கு வரவில்லை. பிறகு அது பிள்ளைகளுக்குக் கடை வைத்து விளையாடத் தான் உதவியது. “வீட்டில வைச்சாலும் காசு செத்துப் போகும் பிள்ளை” என்று அப்பம்மா சொல்லி முடிப்பார்.

இப்படியான வீட்டில் வளர்ந்து, சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, இன்று கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள் நான். சேமிப்பு பற்றி நூறு கூட்டங்களிலாவது பேசியிருப்பேன். “காசை வீட்டில் வைக்காதீர்கள், நகையாக முடக்காதீர்கள், வங்கியில் போடுங்கள்” என்பது என் வழமையான பாடம். அந்தப் பாடத்தை எங்கள் வீட்டிலும் நடத்தினேன். அதில் நான் விட்ட பிழையைத் தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

2019ஆம் ஆண்டு மாசி மாதம் தங்கையின் திருமணத்துக்காகச் சேமிக்கத் தொடங்கினோம். “வளையலைப் பூட்டி வைத்தால் குட்டி போடுமா அம்மா? விற்று நிலையான வைப்பில் போட்டால் வருடம் பத்து வீதம் வட்டி வரும்” என்றேன். அப்போது ஒரு பவுண் நகை அறுபதாயிரம் ரூபாவை ஒட்டி நின்றது. அம்மா இரண்டு நாட்கள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் சீலைத்துண்டை அவிழ்த்து நான்கு வளையல்களையும் என் கையில் தந்தார். நாலு பவுண். கழிவு போக 2 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா கிடைத்தது. வைப்பில் இட்டேன். வங்கிக்குத் தனியாகவே போய்வந்தேன். அம்மாவை அலைக்கழிக்கக் கூடாது என்று தான் நினைத்தேன்.

அந்த ஆண்டு சித்திரையில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. வட்டி வீதமும் ஆண்டுக்காண்டு இறங்கியது. 2021 தை மாதம் அப்பா மாரடைப்பால் காலமானார். 2022 மாசியில் வைப்பு முதிர்ந்தபோது ஆறு வீதத்துக்கும் குறைவான வட்டிக்கு இன்னுமொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். தங்கையின் திருமணத்தை ஆவணியில் வைப்பதாகப் பேச்சு.

பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். பங்குனி மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபா வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் அது 95 வீதம்.

ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. புதிதாக வைப்பிலிட்டவர்களுக்கு இருபது வீதத்துக்கு மேலும் கிடைத்தது. எங்கள் பணமோ பழைய வட்டியில் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் இரவு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டியோடு சேர்த்தும் வைப்பு மூன்று இலட்சத்தைத் தொடவில்லை. ஒரு பவுண் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அம்மாவின் நாலு வளையல்களும் இருந்திருந்தால் ஆறு இலட்சத்துக்கு மேல் பெறும்.

அடுத்த நாள் காலை அம்மா விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அம்மா, நான் பிழை விட்டிட்டன். வளையலை விக்கச் சொல்லியிருக்கக் கூடாது.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. “95இல வளையலை இடுப்பில கட்டிக்கொண்டு நடக்கேக்க, ஆர் பறிப்பினமோ எண்டு வழி முழுக்கப் பயந்து செத்தனான். வங்கிப் புத்தகத்தை நினைச்சு அப்பிடிப் பயப்படேல்லை. இப்ப புத்தகத்தில இருக்கிற காசு கரையுது. எது எப்ப கை குடுக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? அதுக்கு நீ என்ன செய்வாய்?” என்றார்.

எனக்கு மனம் ஆறியது. ஆனால் அம்மா முடிக்கவில்லை. 

“ஒண்டு கேக்கிறன். அந்த வைப்பு ஆற்ரை பேரில கிடக்குது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வைப்பு என் பெயரில் இருந்தது. என் பெயரில் மட்டும்.

“விக்கேக்க என்னைக் கேட்டனீ. போட்ட பிறகு எவ்வளவு நிக்குது, எப்ப முடியுது எண்டு ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை. கொப்பரும் அப்பிடித் தான்.”

அப்பாவின் விடயம் எங்களுக்கு ஆறாத புண். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்து அவர் சேர்த்த பணம், 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா, அவருடைய பெயரில் மட்டும் ஒரு வங்கியில் இருந்தது. பின்னுரித்தாளர் என்று எவரையும் அவர் குறிப்பிடவில்லை. அவர் போய் ஒன்றரை வருடமாகியும் அந்தப் பணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் அப்பாவின் பெயர் எழுதப்பட்டிருந்தது. சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் கடிதம், பிள்ளைகளின் ஒப்புதல் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று கேட்டார்கள். ஏழு தடவை போனோம். அதில் மூன்று தடவை பேருந்து இல்லாமல் சைக்கிளில் போனோம்.

அந்த அடுப்படியில் தான் முதன்முறையாக எனக்கு உறைத்தது. அப்பாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர் அம்மா. இடம்பெயர்வில் நகையைக் காத்தவர் அம்மா. ஆனால் அப்பாவின் சேமிப்பு அப்பாவின் பெயரில். அம்மாவின் நகைக்காசு மகளின் பெயரில். முப்பது வருடச் சிக்கனத்தில் அம்மாவின் பெயர் இருந்தது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுள்ள அந்தப் பழைய புத்தகத்தில் மட்டும். பெண்களின் பொருளாதார உரிமை பற்றி ஊர் ஊராகப் பேசும் நானே அதைச் செய்திருக்கின்றேன். எனக்கு ஏதாவது நடந்திருந்தால், அம்மா தன் வளையல் காசுக்காக இன்னொரு ஏழு தடவை அலைந்திருப்பார்.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். இடையில் முறித்தால் வட்டி குறையும் என்றார்கள். கணக்குப் பார்த்து முறித்தோம். ஒரு பகுதியைத் திருமணத்துக்கு எடுத்தோம். மிகுதியை அம்மாவின் பெயரும் என் பெயருமாகக் கூட்டுக் கணக்கில் இட்டு, தங்கையைப் பின்னுரித்தாளராக எழுதினோம். படிவத்தில் கையொப்பமிட அம்மா வெகுநேரம் எடுத்தார். திருமணம் மண்டபத்தில் நடக்கவில்லை. கோயிலில் தாலி கட்டி, வீட்டு முற்றத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம். அப்பாவின் பணம் அதற்கும் நான்கு மாதங்கள் கழித்துத் தான் வந்தது.

அதன்பின் என் கூட்டங்களும் மாறிவிட்டன. “வங்கியில் போடுங்கள்” என்று தொடங்காமல், “உங்கள் வீட்டுப் பணத்தில் உங்கள் பெயர் எங்கே இருக்கின்றது?” என்று கேட்கின்றேன். ஒரு குழுவில் பதினேழு பேர் இருந்தார்கள். நான்கு பேர் தான் கை உயர்த்தினார்கள். ஒரு சகோதரி, “பேர் என்ரை தான் மிஸ், ஆனா காட் கடைக்காரரிட்டை” என்றார். சாமான் கடனுக்கு ஈடாகத் தன் அஸ்வெசும கணக்கின் ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்திருந்தார். பெயர் இருந்தும் பணம் கையில் இல்லை. குழுவிலுள்ளவர்கள் சேர்ந்து அந்தக் கடனைத் தவணையில் கட்டி அட்டையை மீட்டுக் கொடுத்தோம்.

வங்கிகளே மூடப்படப் போகின்றன என்ற வதந்தியும் அடிக்கடி வந்தது. 2023 ஜூன் மாதம் 30ஆம் திகதி விசேட வங்கி விடுமுறை அறிவித்தபோது, ஹஜ் பெருநாள், சனி ஞாயிறு, போயா எல்லாம் சேர்ந்து ஐந்து நாட்கள் வங்கிகள் பூட்டிக் கிடந்தன. எனக்கு ஓயாமல் தொலைபேசி அழைப்புகள். அது உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கான விடுமுறை. ஊழியர் சேமலாப நிதி அதில் சம்பந்தப்பட்டது, மக்களின் வங்கி வைப்புகளில் கை வைக்கப்படவில்லை. பயத்தில் முதல் நாளே வைப்பை முறித்த ஒருவருக்கு வட்டி தான் நட்டம்.

வைப்புக் காப்புறுதி பற்றியும் நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு மத்திய வங்கி ஆரம்பித்த திட்டம் இது. உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்து போனால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குக் குறித்த எல்லை வரை இழப்பீடு கிடைக்கும். 2021இல் அந்த எல்லை 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்குச் சட்டப்படி அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. உரிமம் இல்லாதவர்களிடம் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுக் கொடுத்த பணத்துக்கு இவை எதுவும் இல்லை.

என் அனுபவத்தில் கண்ட வேறு சிலவற்றையும் சொல்லுகின்றேன்.

முழுப் பணத்தையும் ஒரே வைப்பில், ஒரே தவணைக்குப் போடாதீர்கள். மூன்றாகப் பிரித்து, மூன்று வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போட்டால், வட்டி ஏறினாலும் அவசரம் வந்தாலும் ஒரு பகுதியாவது கைக்கு வரும். ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு வீட்டில் கைக்காசாக இருக்கட்டும். ஒன்றிரண்டு பவுண் நகை இருந்தால் அதை விற்கச் சொல்லி நான் இப்போது எவரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அடகு வைத்தால் மீட்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 

கூட்டுக் கணக்கு திறக்கும்போது, ஒருவர் இல்லாத காலத்தில் மற்றவர் தனியாக எடுக்க முடியுமா என்று கேட்டு எழுதுவியுங்கள். அடையாள அட்டை, திருமணப் பதிவு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கின்றதா என்று கணவர் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். 

இடப்பெயர்வுக்கு முந்திய பழைய புத்தகங்கள் இருந்தால் எறிந்து விடாதீர்கள். பத்து ஆண்டுகளாக அசைவில்லாத கணக்குகளின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படுவதுண்டு. உரியவர்கள் தங்கள் வங்கி மூலம் அதைக் கோரலாம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த பிறகு, அம்மா பொலித்தீன் பையை எடுத்து வருவார். அதற்குள் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் சேர்ந்திருக்கின்றது. எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு இலக்கம், யாருடைய பெயர், எப்போது முதிரும், யார் பின்னுரித்தாளர் என்று அம்மாவே தன் கையால் எழுதுகின்றார். இரகசிய இலக்கத்தை மட்டும் எழுதுவதில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாக என்னிடம் கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். சென்ற மாதம் வட்டியில் ஏன் குறைந்திருக்கின்றது என்று பிடித்துக்கொண்டார். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பத்து வீதம் வரியாகக் கழிக்கின்றார்கள், வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கியில் படிவம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள் என்றேன். 

“அப்ப ஏன் இன்னும் குடுக்கேல்லை?” என்றார் அம்மா.

திங்கட்கிழமை போய்க் கொடுத்தோம்.

சகோதரிகளே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் யாருடைய பெயர் இருக்கின்றது என்று வாசியுங்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டால் கணவரோடும் பிள்ளைகளோடும் இருந்து பேசுங்கள். உங்கள் அம்மாவின் பெயர் இருக்கின்றதா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.