மே 1-ஆ, ஜூலை 23-ஆ?

மே தினம்னா லீவு, மணிமுத்தாறு அருவியில குளியல்னு ஆகிப்போச்சு (சிவப்பு வாழ்த்துப் படத்தை ஃபார்வேர்டு பண்ணிட்டுத் தூங்குற என்னையும் சேர்த்துத்தான்). ஆனா அந்த அருவிக்கு மேல, மாஞ்சோலையில தேயிலை பறிச்சவங்களுக்கு ஒரு தொழிலாளர் தினம் உண்டுன்னா அது ஜூலை 23தான். 1999-ல அன்னைக்குத்தான், கூலி உயர்வும் சிறையில இருந்த தொழிலாளிங்க விடுதலையும் கேட்டு நெல்லை கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்து மேல போலீஸ் தடியடி. அடிக்குத் தப்பி ஓடினதுல தாமிரபரணி ஆத்துல 17 பேர் செத்தாங்க. அதுல ஒரு கைக்குழந்தை.

'அது துக்க நாள், மே தினம் கொண்டாட்டம், ரெண்டையும் குழப்பாதே'ம்பாங்க. மே தினத்தோட வேரே 1886-ல எட்டு மணி நேர வேலை கேட்ட சிகாகோவுல சிந்தின ரத்தமும், அடுத்த வருஷத் தூக்குமேடையும்தானே? 1923-ல தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடினப்ப அது லீவு நாளே இல்ல, கோரிக்கை நாள். 'கோரிக்கைதான் நிறைவேறிருச்சே'ன்னா, 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற மசோதா நம்ம சட்டமன்றத்துலயே நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ் ஆச்சே, அது என்ன கணக்கு? 2024-ல தேயிலைக் கம்பெனி எஸ்டேட்டை மூடினதோட மாஞ்சோலைக்காரங்களுக்கு வேலை போச்சு, தலைமுறையா இருந்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லியாச்சு. அவங்களுக்கு மே 1 எதுலேர்ந்து லீவு?